நரியைப் பரியாக்கும் வித்தை

மாணிக்கவாசகர் கதை நம் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. திருவிழா இரவில் கோயில் திடலில் நாடகமாகப் பார்த்தோரும், பாட்டி மடியில் கிடந்து கேட்டோரும் நம்மில் ஏராளம். குதிரை வாங்கி வரும்படி பாண்டியன் கொடுத்த பணம் திருப்பணியில் செலவாகிவிட்டது. காட்டு நரிகள் குதிரைகளாகி மதுரைக்கு வந்தன. பகலில் அவற்றைக் கண்ட மன்னன் மகிழ்ந்தான். நள்ளிரவில் அவை மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் கட்டிக் கிடந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிட்டன. விடிந்தபின் வைகையாற்றுச் சுடுமணலில் நிறுத்தப்பட்டவர், கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியிருந்த மந்திரி.

அது இறைவன் திருவிளையாடல். அதை ஆராய நாம் வரவில்லை. ஆனால் இந்நாளில் ஈப்போ நகரத்துக் காப்பிக் கடைகளில் உட்கார்ந்துகொண்டு மனிதர்கள் ஆடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. அதைப் பற்றி நம் தொழிலாளத் தோழர்களுக்கும் கிராணிமார்களுக்கும் நாலு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியதால் பேனாவை எடுத்தோம்.

குடும்பம் ஏறிப் போவதற்கென்று கட்டப்பட்ட பெரிய கார் ஒன்று. எஸ்.யூ.வி. என்று அதற்குப் பெயர். தோட்டப்புறத்தில் நாம் இன்னும் ஜீப்பு என்றே சொல்கிறோம். அதன் பின் நாற்காலிகளைக் கழற்று, கண்ணாடிகளை மறை, நடுவில் ஒரு கம்பிவலை போடு, காகிதத்தில் "சாமான் வண்டி" என்று எழுது, வரி குறைந்துவிட்டது! இதுதான் வித்தை. பகலில் அதிகாரிக்கு முன் அது குதிரை. இரவில் நாற்காலியைத் திரும்ப மாட்டினால் அது பழைய நரி. விடிந்தபின் சுடுமணலில் நிற்பவர் யார் என்பதுதான் நம் கேள்வி.

வித்தையின் கணக்கு

கிராணி வேலை பார்ப்பவர்கள் நாம். ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

நம் நாட்டில் தனியார் வண்டிக்குச் சாலைவரி இஞ்சினின் சி.சி. அளவைக் கொண்டு விதிக்கப்படுகிறது. தீபகற்பத்தில் 2,494 சி.சி. இஞ்சினுள்ள ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். 2,000 சி.சி. வரைக்கும் 440 வெள்ளி. அதற்குமேல் வருகிற 494 சி.சி.க்கு, ஒவ்வொரு சி.சி.க்கும் 80 காசு. ஆகமொத்தம் வருஷத்துக்கு 835 வெள்ளி 20 காசு. சாமான் வண்டிக்கோ சி.சி. கணக்கில்லை. வண்டியின் எடையைப் பார்த்து வரி போடுகிறார்கள். இத்தகைய ஜீப்பு எடைக் கணக்கில் வரும்போது வரி இறங்கிவிடுகிறது. ஏழை இந்த வித்தையில் மயங்குவது இந்தச் சில நூறு வெள்ளிக்காகத்தான்.

பெரிய இடத்துக் கணக்கு வேறு. 1967-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஒரு விதி உண்டு. கம்பெனி கார் வாங்கினால் அந்த விலையை வருமானத்திலிருந்து வருஷா வருஷம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சொந்தப் போக்குவரத்துக்கான காருக்கு ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். எத்தனை வெள்ளிக்கு வாங்கினாலும் 50,000 வெள்ளிதான் கணக்கில் சேரும். புது வண்டியாகவும் விலை 150,000 வெள்ளிக்கு மேற்படாமலும் இருந்தால் 100,000 வரை சேரும். சாமானோ பயணிகளோ ஏற்றும் தொழிலுக்கென்று அதிகாரிகளிடம் முறையாக லைசென்ஸ் பெற்ற வண்டிக்கு மட்டும் இந்த வேலி இல்லை. முழு விலையையும் கழிக்கலாம்.

இப்போது பாருங்கள். 250,000 வெள்ளிக்கு ஒரு சொகுசு ஜீப்பு. கார் என்று எழுதினால் 50,000 வெள்ளிக்குத்தான் கழிவு. 24 விழுக்காடு வரி கட்டும் கம்பெனிக்கு அதனால் மிஞ்சுவது 12,000 வெள்ளி. அதையே சாமான் வண்டி என்று எழுதிவிட்டால் முழு விலைக்கும் கழிவு. மிஞ்சுவது 60,000 வெள்ளி. ஒரு சொல்லை மாற்றியதற்குக் கூலி 48,000 வெள்ளி! 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்குப்படி 48,000 வெள்ளி என்பது பால்மரம் வெட்டும் ஒரு தொழிலாளியின் இருபத்தெட்டு மாதச் சம்பளத்துக்கும் சற்று மேல்.

முதலாளி சொகுசாகச் சவாரி செய்வதற்குச் சர்க்கார் கஜானா செலவில் பங்கு ஏற்கக் கூடாது என்பதற்காகவே அந்த வேலி போடப்பட்டது. வேலியைத் தாண்டுகிறவர் யாரை ஏய்க்கிறார்? கஜானாவை மட்டுமா? அந்தக் கஜானாவை நம்பித்தான் தமிழ்ப்பள்ளிக்கூடக் கூரையும், அரசாங்க ஆஸ்பத்திரியில் நம் தாய்மார்களின் படுக்கையும் இருக்கின்றன.

நம் ஆட்கள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள்

இது பணக்காரர் விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். கண்ணால் ஒரு காரியத்தைக் கண்டபின் அப்படி நினைக்க முடியவில்லை.

நம் பேராக் மாநிலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாக மாறின. ஈப்போவைச் சுற்றியிருந்தவற்றில் பல வீட்டு மனைகளாயின. லயத்து வீட்டைக் காலி செய்தவர்கள் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள். வீடு மாறியதே தவிர வேலை மாறவில்லை. பால்வெட்டுத் தெரிந்த பெண்கள் இன்றும் குத்தகைக்காரர்களின் சிறு தோட்டங்களில் வெட்டப் போகிறார்கள். முன்பு லயத்திலிருந்து பெரட்டுக்கு நடந்தே போனார்கள். இப்போது பத்து மைல், பதினைந்து மைல். விடியுமுன் மரத்தடியில் நிற்கவேண்டும். அந்த நேரத்தில் பஸ் ஏது?

நமக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர். நாற்பது வருஷம் உளி பிடித்த கை. தோட்டம் விற்கப்பட்டபோது கிடைத்த பணத்தில் பழைய ஜீப்பு ஒன்றை வாங்கினார். விடிகாலை நாலரை மணிக்கு வீடு வீடாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், பகலில் கட்டிப்பால் மூட்டைகளோடு திரும்புவார். ஆளுக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று பேச்சு. அதில்தான் அவர் குடும்பம் நடந்தது.

சாலைவரிக்கு நாள் வந்தது. 835 வெள்ளி! அரை மாதச் சம்பளம் போல ஒரு தொகை. வண்டி பதினைந்து வருஷப் பழையது; வரி மட்டும் புதுவண்டிக்குள்ள அதே வரி. அப்போதுதான் ஒரு தரகர் வந்து சேர்ந்தார். "என்னாண்ணே, சாமான் ஏத்துற வண்டிக்குப் போய்க் கார் வரி கட்டுறீங்களே? மாத்திக் குடுத்துடுறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். அண்ணன் போட்டார். பின் நாற்காலிகள் இறங்கின. ஜன்னல்கள் மறைந்தன. வரி குறைந்தது. தரகர் தம் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

பெண்கள் என்ன ஆனார்கள்? காகிதத்தில் அவர்கள் மறைந்தார்கள். வண்டியில் மறையவில்லை. நாற்காலி இருந்த இடத்தில் ஒரு பலகை. பலகையின் இரு முனையிலும் கவிழ்த்த வாளிகள். முன்பு ஐந்து பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது எட்டுப் பேர். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை; பெல்ட்டும் இல்லை. மழைத்தூறல் விழுந்த ஒரு விடியற்காலை, வளைவில் சக்கரம் வழுக்கி வண்டி ஓடையில் இறங்கியது. ஓர் அக்காளுக்கு மணிக்கட்டு முறிந்தது. இன்னொருவருக்கு இடுப்பெலும்பு. உயிர் போகவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

இன்ஷூரன்சுக்குப் போனோம். காகிதங்களைத் தூக்கிக்கொண்டு நாமும்தான் கூடப் போனோம். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "இது சாமான் வண்டி. இதில் ஆட்கள் எப்படி வந்தார்கள்?" அதற்கு நாம் என்ன சொல்வது? அந்தக் காகிதத்தின்படி அந்த இரண்டு பெண்களும் மூட்டைகள். மூட்டைக்கு ஏது இடுப்பெலும்பு?

வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும் வேலை விபத்தாகவே கொள்கிறது 1969-ஆம் வருஷத்துச் சொக்சோ சட்டம். ஆனால் குத்தகைக்காரர் அவர்கள் பெயரைச் சொக்சோவில் பதிந்திருக்கவில்லை. ஆக அந்தக் கதவும் அடைத்துக் கிடந்தது. அதைத் திறக்கச் சங்கம் ஓயாது தட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணன் வண்டியை விற்று வைத்தியச் செலவைக் கொடுத்தார். தரகர் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். சுடுமணலில் நின்றவர் யார் என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வண்டியைச் சாமான் வண்டியாக மாற்றுவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. உண்மையிலேயே காய்கறியும் கட்டிப்பாலும் ஏற்றிப் பிழைப்பவர் முறைப்படி மனுச் செய்யலாம். ஜே.பி.ஜே.யின் அனுமதியும் தொழில்நுட்பப் பரிசோதனையும் இல்லாமல் வண்டியின் வடிவத்தை மாற்றுவதுதான் குற்றம். சாமான் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் அபாட் என்னும் தரைப் போக்குவரத்து நிறுவனத்தைப் பார்க்கவேண்டும். அதில் கூலிக்குப் பிறர் சாமானை ஏற்றுவோருக்கு ஏ லைசென்ஸ். தம் சொந்தச் சாமானை ஏற்றுவோருக்குச் சி லைசென்ஸ். சொந்தச் சாமானுக்கென்று வாங்கிய லைசென்சில் ஊரார் மூட்டையைக் கூலிக்கு ஏற்றினால் அதுவும் பொய்தான்.

தரகர் வரவை மட்டும் சொல்வார், செலவைச் சொல்லமாட்டார். அதை நாம் சொல்கிறோம்.

முதலாவது, பரிசோதனை. தொழில் வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய வண்டிக்கு ஒவ்வொரு முறையும் பிரேக்கு, டயர், விளக்கு என்று செலவு வரும். ஒரு நாள் பிழைப்பும் போகும்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ். தனியார் காருக்கு விபத்தில்லாமல் ஓட்டியதற்கான கழிவு ஏறி ஏறி 55 விழுக்காடு வரை போகிறது. தொழில் வண்டிக்கு அது 25 விழுக்காட்டோடு நின்றுவிடுகிறது. சாலைவரியில் மிஞ்சியது இங்கே கரைந்துபோகும். அதைவிட முக்கியம், வண்டியின் உபயோகத்தை மாற்றிவிட்டு இன்ஷூரன்சுக்குச் சொல்லாமல் இருந்தால், ஆபத்து வேளையில் அந்தக் காகிதம் கைகொடுக்காது.

மூன்றாவது, தவணை. இது பலருக்குத் தெரியாத விஷயம். 1967-ஆம் வருஷத்துத் தவணைமுறை வாங்கல் சட்டம் நம் போன்றோருக்கு ஒரு கவசம். தவணை தவறினாலும் முறையான எழுத்து நோட்டீசும் 21 நாள் தவணையும் கொடுக்காமல் வண்டியை எடுத்துப் போக முடியாது. முக்கால் பங்கு கட்டி முடித்தவரிடமிருந்து கோர்ட்டு உத்தரவில்லாமல் பறிக்க முடியாது. ஆனால் இந்தக் கவசம் எல்லா வண்டிக்கும் இல்லை. சாமான் வண்டியானால், சுமையோடு சேர்த்து 2,540 கிலோவுக்கு மேற்படாதவற்றுக்கு மட்டுமே இந்தச் சட்டம் பொருந்தும். பெரிய ஜீப்புகள் பல அந்த எடையைத் தாண்டுகின்றன. காராக வாங்கினால் கவசம் உண்டு; அதே கனத்தில் சாமான் வண்டியாகத் தவணைக்கு எடுத்தால் கவசம் இல்லை. சில நூறு வெள்ளி வரிக்காகத் தொழிலாளி இதை இழக்கலாமா? மேலும் தவணை முடியாத வண்டி இன்னும் பாங்கியின் உடைமை. பாங்கியைக் கேளாமல் நாற்காலியைக் கழற்றுவது, வாடகை வீட்டின் சுவரை இடிப்பது போலாகும்.

உலகத்துப் பெரியவர்கள்

"பெரிய கம்பெனிகள் செய்யவில்லையா? நாம் செய்தால் மட்டும் பாவமா?" என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். செய்கிறார்கள். அதன் முடிவையும் சொல்கிறோம்.

அமெரிக்காவில் 1964 முதல் ஒரு வரி இருக்கிறது. ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டார்கள் என்ற கோபத்தில், வெளியிலிருந்து வரும் சாமான் வண்டிக்கு அவர்கள் 25 விழுக்காடு இறக்குமதி வரி போட்டார்கள். அதனால் "கோழி வரி" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பயணிகள் காருக்கோ, நாம் சொல்லப்போகும் சம்பவம் நடந்த காலத்தில், இரண்டரை விழுக்காடுதான் இருந்தது. ஃபோர்டு கம்பெனி என்ன செய்தது? துருக்கியில் செய்த சாமான் வண்டிகளில் பின் நாற்காலிகளை மாட்டிக் கப்பலேற்றியது. துறைமுகத்தில் பயணிகள் கார் என்று சொல்லிக் குறைந்த வரி கட்டியது. சுங்கத்தைத் தாண்டியதும் நாற்காலிகளைக் கழற்றிவிட்டுச் சாமான் வண்டியாக விற்றது. நம் ஊர் வித்தைக்கு இது தலைகீழ்; தத்துவம் ஒன்றே. 2013-இல் சுங்க இலாகா செல்லாது என்றது. 2019-இல் மேல்முறையீட்டுக் கோர்ட்டு சர்க்கார் பக்கம் தீர்ப்பளித்தது. கடைசியில் 2024 மார்ச்சில் 365 மில்லியன் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொள்ள அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அத்தனை வக்கீல்கள் பக்கத்தில் இருந்தும் தப்பவில்லை. வக்கீலுக்கு ஐம்பது வெள்ளி கொடுக்க வழியில்லாத நாம் தப்புவோமா?

அதே நாட்டில் வேறொன்றும் நடந்தது. தொழிலுக்கென்று கனமான வண்டி வாங்குவோருக்கு விலையைக் கழித்துக்கொள்ளும் சலுகை இருந்தது. 2003-இல் அந்த வரம்பு 100,000 டாலராக உயர்த்தப்பட்டது. உழவருக்கும் தச்சருக்கும் உதவவேண்டிய சலுகையில் சொகுசு ஜீப்புகளும் நுழைந்துகொண்டன. கனமாக இருப்பதுதானே விதி, அவையும் கனமாகத்தான் இருந்தன. மறு வருஷமே அத்தகைய ஜீப்புகளுக்கு 25,000 டாலர் என்று குறைக்கவேண்டி வந்தது. அயர்லாந்தில் சாமான் வண்டிக்கென்று தனி வரி உண்டு. சிறிய வண்டிக்கு வருஷம் 333 யூரோ. ஆனால் தொழிலுக்கு மட்டுமே ஓட்டுவேன் என்று உறுதிமொழி கொடுத்தால்தான் அந்த வரி. குடும்ப உபயோகத்துக்கும் ஓட்டினால் தனியார் வரி கட்டவேண்டும். ஆக, பொய் எல்லா நாட்டிலும் உண்டு. பொய்யைத் தொடர்ந்து கெடுபிடியும் வருகிறது. கெடுபிடி வரும்போது நேர்மையாகச் சாமான் ஏற்றிப் பிழைப்பவனும் சேர்ந்து அடிபடுகிறான். லாயத்துப் பழைய குதிரைகளை நரி கடித்தது என்று கதை சொல்வது இதைத்தான்.

நம் வீட்டு வாசலில்

காகிதம் ஒன்று, ரோட்டில் ஓடுவது வேறொன்று என்றால் என்ன ஆகும் என்பதை அறிய அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 2025 ஜூன் 9-ஆம் தேதி விடியுமுன், நம் மாநிலத்தின் கிரிக் பகுதியில், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்தது. தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தின் 15 மாணவர்கள் மாண்டார்கள். ஆசிரியராக வேண்டிய பிள்ளைகள்! விசாரணையில் வெளிவந்தது என்ன? பஸ்ஸுக்கான லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருந்தது. ஓட்டி நடத்தியவர் வேறொருவர். லைசென்சைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதற்கு ஒரு மாதத்துக்குள் முன்பு, மே 13-ஆம் தேதி, தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லாரி மோதிக் கலகத் தடுப்புப் போலீஸ்காரர் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள்.

அந்த விபத்துகளும் நாம் பேசும் ஜீப்பும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனால் கிரிக்கில் கண்ட நோயின் வேர் இங்கும் இருக்கிறது. யார் ஓட்டுகிறார், எதை ஏற்றுகிறார், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார் என்பதைக் காகிதம் உண்மையாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பரிசோதிப்பவரும் தவறான வண்டியைப் பரிசோதிக்கிறார். இன்ஷூரன்சும் தவறான ஆபத்துக்குப் பணம் வாங்குகிறது. உள்ளே இருப்பவரை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

நம் வர்க்கத்தாரான கிராணிமார்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். இந்த வித்தை நம் மேஜையைத் தாண்டாமல் நடக்காது. மனுவை நிரப்புபவர் நாம். வண்டியின் ஓட்டப் புத்தகம் எழுதுபவர் நாம். ஞாயிற்றுக்கிழமை மேலாளர் குடும்பத்தோடு பங்கோர் தீவுக்குப் போய்வர லூமுட் வரைக்கும் ஓடிய வண்டிக்கு, "உரம் ஏற்றியது, ஸ்டோருக்கு" என்று திங்கட்கிழமை காலை எழுதச் சொல்வார்கள். "நீ எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். நமக்கும் ஒருமுறை அப்படி ஒரு புத்தகத்தை முன்னால் நகர்த்தினார்கள். நாம் மூடி வைத்தோம். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, வேலை போகவில்லை. முதுகில் சங்கம் இருந்தது.

வருமான வரிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வரியை ஏய்ப்பவரை மட்டும் அது சொல்லவில்லை. பிறர் ஏய்ப்பதற்கு வேண்டுமென்றே துணைபோகிறவரையும், பொய்க் கணக்கு எழுதுகிறவரையும் சேர்த்தே சொல்கிறது. தண்டம் 20,000 வெள்ளி வரை, சிறை மூன்று வருஷம் வரை. ஏய்த்த வரிக்கு மூன்று மடங்கும் கட்டவேண்டும். மிஞ்சும் 48,000 வெள்ளியில் கிராணிக்கு ஒரு காசு வரப்போவதில்லை. சிறையில் மட்டும் பங்கு கேட்டு வாங்குவானேன்? கம்பெனிக் காரை மேலாளர் சொந்தத்துக்கு உபயோகித்தால் அது அவருக்குக் கிடைத்த சலுகை. வருஷ முடிவில் இ.ஏ. பாரத்தில் காட்டவேண்டியது. காரைச் சாமான் வண்டியாக்கும்போது அதுவும் மறைந்துவிடுகிறது. தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு காசு மறைகிறதா? மாதா மாதம் சீட்டில் அச்சாகி வரிக்கும் சேமநிதிக்கும் கணக்காகிறது. மேலிடத்துக்கும் அதே நியாயம்தான் இருக்கவேண்டும்.

நாம் கேட்பது

குறை சொல்லிவிட்டுப் போவது சங்கத்தாரின் வழக்கமன்று. இந்த வித்தைக்கு ஏழை ஏன் மயங்குகிறான் என்பதையும் பார்க்கவேண்டும். பதினைந்து வருஷப் பழைய ஜீப்புக்கும் நேற்று வாங்கிய ஜீப்புக்கும் சி.சி. ஒன்றானால் வரியும் ஒன்று. ஒருவர் விலாசத்துக்கு ஓட்டுகிறார். ஒருவர் வயிற்றுக்கு ஓட்டுகிறார். இருவருக்கும் 835 வெள்ளி 20 காசு என்பது சமத்துவமாகத் தோன்றலாம், நியாயமாகத் தோன்றவில்லை. ஆகவே வண்டியின் வயதைப் பார்த்துச் சாலைவரியைக் குறைக்கவேண்டும் என்று சர்க்காரைக் கேட்கிறோம்.

விடிகாலையில் தொழிலாளரையும் பகலில் சரக்கையும் ஏற்றும் சிறு வண்டிக்காரருக்கென்று ஒரு வகை லைசென்ஸ் வேண்டும். நாற்காலி கழற்றப்படாமல், பெல்ட்டோடு, ஏறுபவர் அனைவருக்கும் இன்ஷூரன்சோடு, கட்டக்கூடிய வரியில் அது இருக்கவேண்டும். நேர்வழி திறந்திருந்தால் குறுக்கு வழியில் ஆள் குறையும்.

ஆளை வேலைக்கு எடுக்கும் குத்தகைக்காரர், அவர்கள் வேலைக்கு வந்து சேரும் வழிக்கும் பொறுப்பேற்கவேண்டும். சொக்சோவில் பெயர் பதியாமல் ஒருவர் கையிலும் உளியைக் கொடுக்கக் கூடாது. நம் தாய்மார்களும் வேலைக்குச் சேரும் முதல் நாளே இதைக் கேட்கவேண்டும்.

நாமாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் அவர்கள் தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தையே வாங்கத் துணிந்த மக்கள் நாம். பத்துக் குடும்பம் சேர்ந்து முறையான லைசென்சோடு ஒரு வேன் வாங்க முடியாதா? தனி ஆளாக ஒரு பொய்க் காகிதத்துக்குக் கொடுக்கும் பணத்தை, பத்துப் பேர் சேர்ந்து ஓர் உண்மைக் காகிதத்துக்குக் கொடுக்கலாமே.

இறுதியாக, தோழர்களே! உங்களிடம் ஒரு தரகர் வந்து "கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வண்டியில் நாளை யார் உட்காரப் போகிறார்? விபத்து நேர்ந்தால் அவருக்கு யார் பணம் கொடுப்பார்? அன்றைக்கு நீர் எங்கே இருப்பீர்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராதவருக்கு உங்கள் கையெழுத்தைத் தராதீர்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் காகிதத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்துச் சொல்ல நாம் இருக்கிறோம்.

ஓடையில் விழுந்த அந்த அக்காள் இன்னும் நேராக நடக்கவில்லை. பால்வெட்டை விட்டுவிட்டார். போன மாதம் பார்க்கப் போயிருந்தோம். "தம்பி, அந்தக் காகிதத்துல என்னைய என்னன்னு எழுதியிருந்தாங்க?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. இனி எந்தக் காகிதத்திலும் நம் தாய்மார்கள் மூட்டையாக எழுதப்படாதிருப்பதே அவருக்கு நாம் சொல்லக்கூடிய பதில்.